அடுத்தவர் நுண்ணோக்கி

பிப்ரவரி 11, செவ்வாய்

"எளிதாக" என்ற சொல்லை இன்று கையேடு முழுக்கத் தேடித் தேடி வெட்டினேன். "எளிதாக நிறுவலாம்." "எளிதாகப் படங்களை ஏற்றலாம்." "பிறகு எளிதாக அளக்கலாம்." எழுதியவருக்கு எளிது. அவரவர் சமையலறையில் உப்பு டப்பா எங்கே இருக்கிறதென்று அவரவருக்குத் தெரியாதா என்ன?

இந்த வேலைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. பள்ளிப் பாடநூல் எழுதிக்கொண்டு சிவனே என்று இருந்தவளை ஓர் அறிவியல் அறக்கட்டளை கூப்பிட்டது. ஆய்வகங்களுக்கான ஒரு மென்பொருள், இலவசம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் திருத்தலாம். நுண்ணோக்கியில் எடுத்த படத்தைக் கொடுத்தால் அதில் இருப்பதை எல்லாம், மகரந்தமோ மணலோ, எண்ணி அளந்து சொல்லிவிடும். "அருமையான மென்பொருள், ஆனா மேனுவலைப் படிச்சா தலையும் புரியலை வாலும் புரியலை, நீங்க சரி பண்ணிக் கொடுங்க" என்றார்கள். ஒரு வருட ஒப்பந்தம்.

யாரும் திருத்தலாம் என்பது பேச்சுக்கு. அதை எழுதியவர் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் எதுவும் வெளியே போகும். நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ஸ்தாபகர். ஸ்தாபகர் பார்ப்பதில்லை. பார்த்தால் ஒப்புவதில்லை.

இன்று வந்த பதில்: "எளிதாக என்பதை ஏன் எடுத்தீர்கள்? உண்மையிலேயே எளிதுதானே?"

பிப்ரவரி 13, வியாழன்

குழாய் பதிக்கிறோம் என்று தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையின் ஒரு மூலைதான் என் அலுவலகம்; மேசையே அதிர்கிறது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு "பிழைச் செய்திகள்" பக்கத்தைப் படித்தேன். மொத்தம் ஒரே வரி: "பிழைச் செய்திகள் தாமே விளக்கமானவை."

பஞ்சை எடுத்துவிட்டேன். தோண்டும் சத்தம் பரவாயில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

அண்ணியைப் பலியாடு ஆக்கினேன். மாடி வீட்டில்தான் அண்ணனும் அண்ணியும். அண்ணி மரச்சாமான் கடையில் கணக்குப் பார்க்கிறார். கணினி நன்றாகத் தெரியும். இந்த மாதிரி வேலை தெரியாது. இப்போதிருக்கும் கையேட்டைத் திறந்து முன்னால் வைத்து, "இதுல இருக்கற மாதிரி செஞ்சுக்கிட்டே போங்க அண்ணி. நான் வாயே திறக்க மாட்டேன்" என்றேன்.

"வாயே திறக்க மாட்டியா? அப்ப தினமும் வரேன்."

முதல் வரியிலேயே வண்டி நின்றுவிட்டது.

"'வழக்கமான முறையில் நிறுவவும்.' யாரோட வழக்கம்?"

நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"சரி விடு. அடுத்தது. 'சூழலைச் செயல்படுத்தவும்.' எந்தச் சூழலை? ஏம்மா, இது கம்ப்யூட்டர் வேலையா, மரம் நடு விழாவா?"

அரை மணி நேரம் அதை இதை அழுத்திப் பார்த்துவிட்டு மடிக்கணினியை மூடினார். "நல்லாப் படிச்சவங்க எழுதினதுன்னு தெரியுது."

"பாராட்டறீங்களா?"

"நீயே யோசி" என்று மாடிப்படி ஏறிவிட்டார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

"வழக்கமான முறையில்" இருந்த இடத்தில் ஏழு வரி எழுதி அனுப்பினேன். ஸ்தாபகர்: "மிக நீளம்."

பிப்ரவரி 21, வெள்ளி

கேள்வி பதில் பக்கத்தில் மீன்முட்டை என்ற பெயரில் ஒருவர் கேட்டிருந்தார்: "முட்டைகளின் விட்டம் உண்மையில் இருப்பதில் பாதிதான் வருகிறது என்று சந்தேகப்படுகிறேன். நான் எங்கே தவறு செய்கிறேன்?"

கீழே ஸ்தாபகரின் பதில்: "கையேட்டைப் படிக்கவும்."

படித்தேன். அவருக்காக நான் படித்தேன். அளவீடு பற்றிக் கையேட்டில் இருப்பது இவ்வளவுதான்: "அளவு மதிப்பைத் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளவும்." அதன் கீழ் எடுத்துக்காட்டு. அதில் அளவு மதிப்பு 0.65.

படம் என்பது புள்ளிகள். ஒரு புள்ளி நிஜத்தில் எத்தனை மைக்ரான், அதாவது மில்லிமீட்டரை ஆயிரமாக வெட்டினால் வருவதில் எத்தனை, என்று நாம்தான் மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். நுண்ணோக்கிக்கு நுண்ணோக்கி, கேமராவுக்குக் கேமரா அது மாறும். அதைச் சொல்லாவிட்டால் மென்பொருளுக்கு யானையும் எறும்பும் ஒன்று. இதைக் கையேடு எங்கும் சொல்லவில்லை. எங்குமே!

மீன்முட்டையிடம் கேட்டேன்: "அளவு மதிப்பாக என்ன கொடுத்தீர்கள்?"

"கையேட்டில் இருந்ததைத்தான். 0.65. அதை மாற்றலாமா?"

பிப்ரவரி 24, திங்கள்

ஸ்தாபகரைத் தொலைபேசியில் பிடித்தேன். அந்த 0.65 எங்கிருந்து வந்தது?

"அதுவா? அது எங்க லேப் மைக்ராஸ்கோப்போட நம்பர், மேடம். சும்மா ஒரு உதாரணத்துக்குப் போட்டேன்."

சும்மா.

சாயங்காலம் வரை உட்கார்ந்து, இந்த மென்பொருளைக் கொண்டு அளந்ததாகச் சொல்லும் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடினேன். செய்முறைப் பகுதியில் அளவு மதிப்பை எழுதியவர்கள் குறைவு. எழுதியவர்களில் பெரும்பாலோர் 0.65. ஈஸ்ட், மகரந்தம், ஆற்று மணல், பால்பவுடர். வேறு வேறு ஊர், வேறு வேறு கருவி, ஒரே எண். உலகமே வரிசையில் நின்று எங்கள் ஸ்தாபகரின் நுண்ணோக்கியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

பிப்ரவரி 26, புதன்

புதிய பக்கம் எழுதி அனுப்பினேன். உங்கள் நுண்ணோக்கியின் அளவை எப்படிக் கண்டுபிடிப்பது, படிப்படியாக. அளவுகோல் பொறித்த கண்ணாடித் தகடு எல்லா ஆய்வகத்திலும் இருக்கும். அதைப் படமெடுத்தால் போதும். பக்கத்தின் தலையில் ஓர் எச்சரிக்கை: "எடுத்துக்காட்டில் இருந்த 0.65-ஐ அப்படியே பயன்படுத்தியிருந்தால் உங்கள் அளவுகள் தவறாக இருக்கக்கூடும்."

அரை மணியில் வீடியோ அழைப்பு. இவ்வளவு வேகமாக அவர் எதற்கும் வந்ததில்லை.

"பக்கம் நல்லாருக்கு மேடம். அந்த எச்சரிக்கையை மட்டும் எடுத்துடுங்க."

"அதுதான் சார் முக்கியம்."

"மேனுவல்ங்கறது சாஃப்ட்வேரை விளக்கறதுக்கு. பாவமன்னிப்பு கேக்கறதுக்கு இல்லை. 'தேவைக்கேற்ப'ன்னு போட்டிருக்கேனே? விஞ்ஞானம் படிச்சவனுக்கு அது போதாதா?"

"போதலையே சார். இத்தனை பேர் தப்பு பண்ணியிருக்காங்களே."

"அது அவங்க தப்பு."

பிறகு அவர் வேறு குரலில் சொன்னார்: "பன்னெண்டு வருஷமா வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து எழுதினது மேடம் இது. ஒரு பைசா வாங்கினதில்லை. திட்டறவங்க மட்டும் வந்துக்கிட்டே இருக்காங்க. இதை நீங்க போட்டா, இனிமே என் பேரைச் சொன்னா இது ஒண்ணுதான் ஞாபகம் வரும்."

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது. திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

மார்ச் 1, சனி

என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். இவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார்; நாள் முழுக்க யாராவது ஒருவர் இவரைச் சுவரில் மோதப் பார்க்கிறார். அதனால் எதற்கும் பதற்றப்படமாட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு, "'தேவைக்கேற்ப பிரேக் போடவும்'னு சொல்லிட்டு நான் வண்டியிலேர்ந்து இறங்கிப் போயிட்டா எப்படி இருக்கும்?" என்றார்.

"அதையேதாங்க நானும் சொல்றேன்!"

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? எனக்குத்தான் பிரேக் தெரியுமே."

கோபமாக எழுந்து போனேன். குளிக்கும்போது யோசித்தேன். என் ஆத்திரம் மீன்முட்டைக்காகவா, என் பக்கத்தை ஸ்தாபகர் வெட்டச் சொன்னதற்காகவா? முழுசாகச் சொல்லத் தெரியவில்லை. இரண்டாவதும் கொஞ்சம் இருக்கிறது. இருக்கட்டும்.

மார்ச் 3, திங்கள்

மீன்முட்டையிடமிருந்து எனக்குத் தனியாக மின்னஞ்சல். பெண். ஒரு மீன்குஞ்சு வளர்ப்பகத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை. அங்கே யாரும் கையாண்டிராத ஒரு புது வகை மீனை வளர்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். தொட்டியிலிருந்து தண்ணீர் வெளியேறும் இடத்தில் வலை கட்ட வேண்டும். வலையின் கண் முட்டையைவிடச் சிறியதாக இருந்தால்தான் முட்டை தண்ணீரோடு போகாது. ஆனால் ரொம்பவும் சிறியதாகிவிட்டால் வலை அழுக்கில் அடைத்துக்கொள்ளும். முட்டையை அளந்து சொன்னது இவள். மென்பொருள் 0.6 மில்லிமீட்டர் என்றது. உண்மையில் அதைப்போல இரண்டு மடங்கு. சல்லடைத் துணி மாதிரி வலை வாங்கிக் கட்டிவிட்டார்கள். வலை அடைத்து, தண்ணீர் ஓட்டம் நின்று, மூன்று தொட்டி முட்டை மொத்தமும் செத்துப்போயிற்று.

"அளந்தது நீதானே என்கிறார் மேலாளர். 14-ஆம் தேதி விசாரணை. கையேட்டில் இருந்த எண்ணைத்தான் போட்டேன் என்றேன். 'அப்படியானால் கையேடு தப்பு என்று அவர்களிடம் எழுதி வாங்கி வா' என்கிறார். எழுதித் தருவீர்களா? இந்த வேலை போனால் வேறு எங்கேயும் என்னை ஒன்றையும் அளக்க விடமாட்டார்கள்."

அடியில் ஒரு வரி: "பார்த்தால் பெரிதாகத்தான் தெரிந்தது. ஆனால் கணினி மூன்று தசம இடம் வரை சொன்னதே."

திரும்பத் திரும்ப அந்த வரியையே படித்தேன். கண்ணெதிரே மிதக்கும் முட்டையை நம்பாமல் திரையில் தெரியும் தசமப் புள்ளியை நம்பினாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நான் எழுதிக் கொடுத்தால் செல்லாது. நான் கூலிக்குக் கையேடு எழுதுபவள். ஸ்தாபகர் எழுத வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

மின்னஞ்சலை அப்படியே ஸ்தாபகருக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"பாவம்தான் மேடம். ஆனா ஒரு ஸ்கேலைப் பக்கத்துல வெச்சுப் பார்த்திருக்கலாமே? நான் என் மைக்ராஸ்கோப்பைச் சரியா அளந்துதானே வெச்சிருக்கேன்? எனக்கு ஏன் தப்பு வரலை?"

"வரலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?"

இதைத் திட்டமிட்டுக் கேட்கவில்லை. கோபத்தில் வாயில் வந்தது.

"என்ன மேடம் கேள்வி இது?"

"ஒரு உதவி பண்ணுங்க. நாளன்னைக்கு உங்க லேபுக்கு வரேன். என் பக்கத்தை முன்னால வெச்சுக்கிட்டு, அதுல இருக்கற மாதிரி உங்க மைக்ராஸ்கோப்புலயே செஞ்சு காட்டுங்க. பக்கம் சரியில்லைன்னா மொத்தமா வாபஸ் வாங்கிக்கறேன். எச்சரிக்கையையும் சேர்த்து."

அவருக்கு இது பிடித்திருந்தது. வாபஸ் என்ற சொல் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

தொலைபேசியை வைத்த பிறகுதான் சந்தேகம் வந்தது. பக்கம் சரியாகத்தானே எழுதியிருக்கிறேன்? அண்ணியைக் கூப்பிட்டு இன்னொரு தடவை படிக்க வைத்தேன். "இது புரியுது. ஆனா என்கிட்ட மைக்ராஸ்கோப் இல்லையே" என்றார்.

மார்ச் 6, வியாழன்

இரண்டு பேருந்து மாறிப் போனேன். மூன்றாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஸ்தாபகரை நேரில் பார்ப்பது முதல் தடவை. திரையில் தெரிந்ததைவிடச் சின்ன ஆள். அவருடைய அளவும் தப்பாகத்தான் போட்டிருந்தேன்.

ஆய்வகம் சுத்தமாக இருந்தது. நுண்ணோக்கிமேல் பிளாஸ்டிக் உறை, அதன்மேல் "தொடாதே" என்று ஒரு சீட்டு. அளவுகோல் தகட்டைத் தேடவே கால் மணி நேரம். மேசை இழுப்பறையில், உலர்ந்துபோன மார்க்கர் பேனாக்களுக்கு அடியில் கிடந்தது. அதன்மேல் படிந்திருந்த தூசியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். துடைத்தார்.

நான் ஓரமாக முக்காலியில் உட்கார்ந்துகொண்டேன். வாய் திறக்கவில்லை. அவர் ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்து, "சரி", "இது சரி", "இங்க ஒரு கமா வேணும் மேடம்" என்று சொல்லிக்கொண்டே செய்தார். தகட்டைப் படமெடுத்தார். புள்ளிகளை எண்ணினார். வகுத்தார்.

0.48.

"தப்பா எண்ணிட்டேன்." மறுபடி. 0.48.

"இந்தத் தகடு மட்டம்" என்று பக்கத்து ஆய்வகத்துக்குப் போய் வேறு தகடு வாங்கி வந்தார். அதிலும் 0.48. நாற்காலியில் பின்னால் சாய்ந்து நுண்ணோக்கியின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கேமரா. கறுப்பாக, புதுசாக.

"கேமரா மாத்தினோம்" என்றார்.

"எப்ப சார்?"

"ரெண்டு வருஷம் இருக்கும். பழசு ரிப்பேர்." கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ரெண்டு வருஷமா அளந்ததெல்லாம்... ஒரு கட்டுரை போன மாசம்தான் வெளியாச்சு."

ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்த மனிதர் தன் இயந்திரத்தின் முன்னால் திருடு போன வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் என்ன சொல்வது? "எளிதாகத் திருத்தலாம்" என்றா?

"கீழ டீ கிடைக்கும், குடிச்சுட்டுப் போங்க மேடம்" என்றார். தான் வரவில்லை. நான் தனியாகப் போய்க் குடித்தேன்.

மார்ச் 7, வெள்ளி

ஸ்தாபகரிடமிருந்து சத்தமே இல்லை. ஒரு பதிலும் இல்லை. மீன்முட்டைக்கு என்ன சொல்ல?

மார்ச் 9, ஞாயிறு

இன்னும் இல்லை. எரிச்சல் எனக்கு என்மேலேயே. ஒரு மனிதரை அவருடைய ஆய்வகத்திலேயே மூலையில் நிற்க வைத்துவிட்டு வந்திருக்கிறேன், வேண்டுமென்றேவா செய்தேன்? இல்லை, எனக்கு எப்படித் தெரியும் கேமரா மாற்றியது? ஆனால் ஏதாவது தப்பு வரட்டும் என்று பேருந்தில் வேண்டிக்கொண்டேனா? வேண்டிக்கொண்டேன்.

"ஃபோன் பண்ணிக் கேளேன்" என்கிறார் இவர். "இப்ப பண்ணா கழுத்தைப் பிடிக்கற மாதிரி இருக்கும்" என்றேன். "பிடிக்கத்தானே போனே?" என்றார். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்!

மார்ச் 10, திங்கள்

வந்துவிட்டது. ஸ்தாபகரே எழுதிய அறிவிப்பு, "படித்துப் பார்த்துத் திருத்தவும்" என்ற குறிப்போடு. முதல் வரி: "சில பயனர்கள் கவனக்குறைவாக எடுத்துக்காட்டு மதிப்பைப் பயன்படுத்தியிருப்பது தெரியவருகிறது."

கவனக்குறைவாக! தலையில் அடித்துக்கொண்டேன். அந்தச் சொல்லை வெட்டி, பக்கத்தில் ஒரே ஒரு குறிப்பு எழுதினேன்: "சார், இந்தச் சில பயனர்கள் யார் யார்?"

இரண்டு மணி நேரம் கழித்து முழுக்க மாற்றி எழுதி அனுப்பினார்.

"கையேட்டின் எடுத்துக்காட்டில் இருக்கும் 0.65 என்னுடைய நுண்ணோக்கியின் அளவு. அது உங்களுக்குப் பொருந்தாது என்று நான் எங்கும் சொல்லவில்லை. இப்போது அது எனக்கே பொருந்துவதில்லை. கையேட்டில் இருந்தபடி செய்தவர்கள் மீது தவறு இல்லை."

கீழே அவருடைய முழுப் பெயர், ஆய்வக முகவரி. நான் ஒரு கமாகூடத் தொடவில்லை.

மார்ச் 12, புதன்

அறிவிப்பும் என் பக்கமும் நேற்று வெளியாயின. எச்சரிக்கை பக்கத்தின் தலையில், நான் வைத்த இடத்திலேயே.

திட்டி வந்த கடிதங்களுக்கு அளவில்லை. "இத்தனை வருடம் என்ன செய்தீர்கள்?" "எங்கள் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டுமா?" ஒவ்வொன்றுக்கும் ஸ்தாபகரே பதில் எழுதுகிறார், வரிக்கு வரி. ஒரே ஒருவர் "கையேட்டைப் படித்தாலே தெரிந்திருக்குமே" என்று அவருக்குப் பரிந்துகொண்டு வந்தார். அவரைத்தான் ஸ்தாபகர் கொஞ்சம் காட்டமாகத் திருப்பி அனுப்பினார்.

மீன்முட்டைக்கு அறிவிப்பை அனுப்பி, "அச்செடுத்துக் கொண்டு போங்கள்" என்று எழுதினேன். "சரி" என்று மட்டும் பதில்.

மார்ச் 14, வெள்ளி

இன்று விசாரணை. அவளிடமிருந்து ஒன்றும் இல்லை. மூன்று தடவை மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன். பிறகு முப்பது தடவை.

மார்ச் 22, சனி

ஒன்றும் இல்லை. கேட்கவும் பயம். வேலை போயிருந்தால் என்னிடம் எதற்குச் சொல்லப்போகிறாள்? நான் யார் அவளுக்கு?

"நல்ல செய்தின்னா ஜனங்க சொல்ல மறந்துடுவாங்க, நம்ம கடையில சோபா வாங்கினவன் எவனாவது நல்லாருக்குன்னு ஃபோன் பண்ணியிருக்கானா?" என்கிறார் அண்ணி. அண்ணி ஆறுதல் சொல்வதே இப்படித்தான்.

"பிழைச் செய்திகள்" பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை நாற்பது பிழைகளுக்கு விளக்கம் எழுதியாயிற்று. அவற்றில் பாதி, தாமே விளக்கமானவை அல்ல என்று ஸ்தாபகரே ஒத்துக்கொண்டார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மீன்முட்டையின் கடிதம். நலம் விசாரிப்பு இல்லை, விசாரணை பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"உங்கள் பக்கத்தின் நான்காம் படி சுத்தமாகப் புரியவில்லை. 'கோட்டின் இரு முனைகளையும் தேர்வு செய்க' என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கோடு? தகட்டில் நூறு கோடுகள் இருக்கின்றன. என்கீழ் வேலைக்குச் சேர்ந்திருக்கும் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நாளைக் காலை நான் புது வலைக்கு அளவு சொல்ல வேண்டும். கொஞ்சம் சீக்கிரம்."

பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை தடவை திருத்தினேன் அந்தப் படியை! அண்ணி படித்தார், ஸ்தாபகரே அதை வைத்துச் செய்து பார்த்தார், யாருக்கும் வராத சந்தேகம் இவளுக்கு மட்டும் எப்படி? பக்கத்தைத் திறந்து படித்தேன்.

எந்தக் கோடு என்று நான் எழுதவில்லை. எங்கும் எழுதவில்லை.

"தகட்டின் முதல் கோட்டில் ஒரு புள்ளி, கடைசிக் கோட்டில் ஒரு புள்ளி" என்று மாற்றி, ஒரு படமும் வரைந்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்துவிட்டது.

"இப்போது புரிகிறது. ஐந்தாம் படியையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."